அத்தியாயம் 7: சறுக்கும் கார் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபது வளைவுகூடத் தாண்டியிருக்காது, என் பெட்ரோல் கார் இழுக்க மறுத்துவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் முதல் கியரில் ஊர்ந்தது. மீட்டரில் இரண்டு மஞ்சள் விளக்குகள்: ஒன்று இன்ஜின் படம், இன்னொன்று பின்னால் நெளிந்த கோடுகளோடு சறுக்கும் கார் படம். மெதுவாக இறங்கி வந்து ஒரு பட்டறையில் காட்டினேன். பானட்டைக்கூடத் திறக்காமல், சறுக்கும் கார் படத்தைப் பார்த்ததுமே தீர்ப்பு வந்துவிட்டது. "ஏபிஎஸ் யூனிட் அடிவாங்கிடுச்சு சார், மாத்திடலாம்." விலையைக் கேட்டதும் எனக்கும் இழுவை போய்விட்டது.

உண்மைக் காரணம் முந்தைய நாள் செய்த வாட்டர் வாஷ். இரண்டாவது சிலிண்டரின் பிளக் குழியில் தண்ணீர் தேங்கி, பிளக்குக்குப் பொறி தரும் காயிலைக் கெடுத்திருந்தது. ஏபிஎஸ் யூனிட் இன்றுவரை அதே பழையதுதான்.

விளக்கில் தெரியும் படம் நோயின் பெயர் அல்ல. இழுவையும் போய், சறுக்கும் கார் விளக்கும் எரிந்தால் முதலில் இன்ஜினைப் பாருங்கள். சக்கரப் பக்கம் பிறகு போகலாம்.

ஏன் சேர்ந்து எரிகின்றன?

டிராக்‌ஷன் கண்ட்ரோலின் விளக்குதான் சறுக்கும் கார் படம். அந்தக் கண்ட்ரோலுக்கு இரண்டு வேலைகள்தான் தெரியும். வழுக்கும் சக்கரத்துக்குத் தானாக பிரேக் போடும்; இன்ஜினிடம் "பலத்தைக் குறை" என்று சொல்லும். இன்ஜினுக்கே உடம்பு சரியில்லை என்றால் அந்த உத்தரவை நம்பி இருக்க முடியாது. அதனால் இன்ஜின் கம்ப்யூட்டர் கோளாறைப் பதிந்ததும் பல கார்களில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். கோளாறு பெரிது என்று தோன்றினால் இன்ஜினும் சுற்றை 2000, 3000 அளவில் கட்டிப்போட்டுவிடும். இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். அவ்வளவுதான் தத்துவம்.

விளக்குகளின் சேர்க்கையைப் படியுங்கள்

- மழையிலோ மணலிலோ வேகமெடுக்கும்போது மட்டும் சறுக்கும் கார் விளக்கு சிமிட்டுகிறது: கோளாறு இல்லை. அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.
- படத்தோடு "ஆஃப்" என்ற எழுத்தும் எரிகிறது: யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் முன்சீட்டில் உட்கார்ந்த குழந்தை. திரும்ப அழுத்துங்கள்.
- சறுக்கும் கார், இன்ஜின் விளக்கு இரண்டும் எரிகின்றன, இழுவையும் இல்லை: இன்ஜின் பக்கம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இதற்குத்தான்.
- சறுக்கும் கார், ஏபிஎஸ் இரண்டும் எரிகின்றன, ஆனால் இழுவை சரியாக இருக்கிறது: சக்கரப் பக்கம். படி 6-க்குப் போங்கள்.
- டாஷ்போர்டு முழுக்க கார்த்திகை தீபம்: முதலில் பேட்டரி.
- எந்த விளக்கும் இல்லை, ஆனால் வண்டி இழுக்கவில்லை: கிளட்ச் வழுக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். அது வேறு அத்தியாயம்.

ஓடும்போது இது நேர்ந்தால்

1. ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். ஆக்சிலரேட்டரை மீண்டும் மீண்டும் உதைக்காதீர்கள்.
2. ஏசியை நிறுத்துங்கள். மீதமிருக்கும் பலத்தில் கொஞ்சம் மிச்சமாகும்.
3. பின்னால் வருபவர் தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் ஓரங்கட்டுங்கள். வளைவு முடிந்த உடனே நிறுத்துவது ஆபத்து. மலையில் என்றால் கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.
4. சிவப்பு விளக்கு ஏதாவது எரிகிறதா பாருங்கள். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். வெப்ப விளக்கு என்றாலும் நிறுத்திவிட வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது.
5. இன்ஜின் விளக்கு நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா? சிமிட்டினால் கடுமையான மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பழுக்கக் காய்ச்சும். மேலே ஓட்டாதீர்கள். வைக்கோலோ காய்ந்த புல்லோ சோளத்தட்டையோ கிடக்கும் இடத்தில் நிறுத்தவும் கூடாது, தீப்பிடிக்கும்.
6. வேறு ஆபத்து இல்லை என்றால் சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள். லிம்ப் மோடு பல நேரம் விலகிவிடும். அது வீட்டுக்கு வந்து சேரக் கிடைத்த அவகாசம். சரியாகிவிட்டது என்று எண்ணி மலையேற்றத்தைத் தொடராதீர்கள்.

குறிப்பு: நின்ற இடத்திலேயே மீட்டரை ஒரு படம் எடுத்துவிடுங்கள். மழை பெய்ததா, ஏற்றமா, எத்தனையாவது கியர், இன்ஜின் சூடாகியிருந்ததா என்று இரண்டு வரி எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகும்.

கையில் இருக்க வேண்டியவை

காரின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்று, செல்போன் செயலி ஒன்று, மல்டிமீட்டர், 10 எம்எம் சாக்கெட், டார்ச், கையுறை. ஓபிடி கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. மலிவானவை இன்ஜினின் கோளாறுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை (code), ஒழுங்காகப் படிக்கும். ஏபிஎஸ் கோடுகளைப் பெரும்பாலும் படிக்காது. இதை முன்பே தெரிந்துகொண்டால் "கருவி ஒன்றும் காட்டவில்லையே" என்று குழம்ப மாட்டீர்கள்.

தொடும் முன்

இன்ஜின் ஆறட்டும், சாவி வெளியே இருக்கட்டும். ரேடியேட்டர் மின்விசிறி இன்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும். துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, கயிற்று அடையாள அட்டை எதுவும் தொங்கக் கூடாது. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். டீசல் காரில் காமன் ரெயில் குழாய்களைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். அதில் ஓடும் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், தோலைத் துளைத்து உள்ளே போகும். ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் கோடு படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: பேட்டரி

இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் மற்ற விளக்குகள் சொல்வதை நம்பாதீர்கள். முதலில் சார்ஜ் செய்யுங்கள். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5-லிருந்து 14.7 வரை காட்ட வேண்டும். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் ஆட்டிப் பாருங்கள்.

படி 2: கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

1. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளையுள்ள சாக்கெட்டைத் தேடுங்கள். 2013-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் இருக்கும்.
2. கருவியைச் செருகி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள்.
3. கோடுகள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.
4. "ஃபிரீஸ் ஃபிரேம்" என்ற பகுதியைத் திறங்கள். கோளாறு விழுந்த நொடியில் இன்ஜின் சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதையும் எழுதுங்கள்.

செயலியில் "அழி" பட்டன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். ஆசையை அடக்குங்கள். அழித்தால் கோடோடு ஃபிரீஸ் ஃபிரேமும் போய்விடும். கோளாறு அப்படியே இருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவதும் இதே தவறுதான்.

அடிக்கடி வரும் சில கோடுகள்:

- பி 0301, 0302, 0303, 0304: கடைசி எண் எதுவோ அந்த சிலிண்டரில் மிஸ்ஸிங். பி 0300 என்றால் பல சிலிண்டர்களில், அல்லது எது என்று சொல்ல முடியவில்லை.
- பி 2135: திராட்டிலில் இருக்கும் இரண்டு சென்சார்களும் ஆளுக்கொன்று சொல்கின்றன.
- பி 2138: அதே சண்டை, ஆக்சிலரேட்டர் பெடலில்.
- பி 0504, பி 0571: பிரேக் சுவிட்ச்.
- பி 0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.
- பி 0299: டர்போ அழுத்தம் போதவில்லை.
- பி 0087: எரிபொருள் அழுத்தம் குறைவு.
- சி என்று தொடங்குபவை: சக்கரம், பிரேக் பக்கம். யு என்று தொடங்கினால் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கிடையே பேச்சு அறுந்திருக்கிறது. யு 0121 என்றால் ஏபிஎஸ் பெட்டியோடு.

கோடு ஒரு திசையைக் காட்டும், அவ்வளவே. "திராட்டில் சென்சார்" என்று வந்ததும் திராட்டிலை வாங்கி மாட்டியவர்கள் பலர். எலி கடித்த ஒயருக்கும் அதே கோடுதான் வரும்.

படி 3: பானட்டைத் திறந்து பத்து நிமிடம்

எதையும் கழற்றாமல் வெறுமனே பாருங்கள். வீட்டு வாசலில், தென்னை மரத்தடியில் நிற்கும் கார்களில் நான் முதலில் தேடுவது எலியைத்தான். பேட்டரிக்கு அடியில் எலிப் புழுக்கை, இன்ஜின் மேல் தேங்காய் நார், பல் பட்டு செம்பு தெரியும் ஒயர். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். உள்ளே கூடு கட்டி வைத்திருக்கும். ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் இடையிலான ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, கிளிப் நழுவியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அண்மையில் சர்வீஸ் விட்டிருந்தால் இந்தக் குழாயைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கடித்த ஒயரை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி விடாதீர்கள். சென்சார் ஒயருக்கு சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும்.

படி 4: பிரேக் சுவிட்சும் தரை மிதியடியும்

சில நூறு ரூபாய்ப் பொருள். இதனால் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. பின் விளக்கை எரியவைப்பது மட்டும் அதன் வேலை அல்ல. நீங்கள் பிரேக்கில் கால் வைத்திருக்கிறீர்களா என்று இன்ஜினுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சொல்வதும் அதுதான். சுவிட்ச் கெட்டு, காலை எடுத்த பிறகும் "மிதித்திருக்கிறார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் கம்ப்யூட்டர் இரண்டில் பிரேக்கை நம்பி இழுவையை வெட்டிவிடும்.

1. இருட்டிய பிறகு காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்குமாறு நிறுத்துங்கள்.
2. பெடலை லேசாக மிதியுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் உடனே விழ வேண்டும்.
3. காலை எடுங்கள். உடனே மறைய வேண்டும்.
4. இருபது முறை திரும்பச் செய்யுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் சுவிட்ச் பதினைந்து முறை சரியாக வேலை செய்து பதினாறாவதில் காலை வாரும்.

பிரேக் விளக்கே எரியவில்லை என்றால் பல்ப், ஃபியூஸ் பார்த்துவிட்டு அன்றே சரி செய்யுங்கள். அந்த நிலையில் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

குனிந்திருக்கும்போதே ஆக்சிலரேட்டர் பெடலையும் பாருங்கள். மேலே இன்னொன்றாகப் போட்ட கனத்த மிதியடி முன்னே நகர்ந்து பெடலைத் தடுத்துக்கொண்டிருக்கும். மிதித்தும் இழுக்கவில்லை என்றால், பெடல் பாதி தூரம்தான் போகிறது என்பதே விடையாக இருக்கலாம்.

படி 5: மிஸ்ஸிங் கோடு வந்தால் காயிலை இடம் மாற்றுங்கள்

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடத் தெளிவாக விடை தருவது வேறில்லை. ஒரு பைசா செலவில்லை. பி 0302 வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். மேல்மூடியை எடுத்தால் சிலிண்டருக்கு ஒன்றாகக் காயில்கள் வரிசையாகத் தெரியும். பெரும்பாலான சிறிய கார்களில் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று எண்ணுங்கள். காயில்களை மறைத்துக்கொண்டு பெரிய மேனிஃபோல்டு இருந்தால் இந்த வேலையைப் பட்டறைக்கு விடுங்கள்.
2. ஒவ்வொரு காயில் மேலும் மார்க்கரால் எண் எழுதுங்கள்.
3. இரண்டாவது காயிலின் கனெக்டர் பூட்டை அழுத்தி உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் பூட்டு படக்கென்று உடையும்.
4. போல்ட்டைக் கழற்றுங்கள். காயிலைச் சற்றுத் திருகி, நேராக மேலே தூக்குங்கள்.
5. குழிக்குள் டார்ச் அடியுங்கள். தண்ணீரா, ஆயிலா? தண்ணீர் என்றால் துணியால் ஒற்றி எடுத்து நன்றாகக் காயவையுங்கள். ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது. காயிலின் ரப்பரில் வெள்ளை அல்லது கருப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது.
6. இரண்டாவது காயிலை மூன்றாவது குழியிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டுங்கள். போல்ட்டைக் கையால் தொடங்கி, பிறகு அளவாக இறுக்குங்கள்.
7. கோடைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, இப்போது அழிக்கலாம். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

பி 0303 என்று வந்தால் கோளாறு காயிலோடு நடந்து போயிருக்கிறது. காயில் கெட்டது உறுதி. பி 0302-ஆகவே நின்றால் பிளக்கை இதே முறையில் இடம் மாற்றுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். அங்கே உங்கள் வேலை முடிந்தது.

எச்சரிக்கை: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. பல்லாயிரம் வோல்ட் அது. நீங்கள் செய்யாதீர்கள். பிளக்கைச் சூடான இன்ஜினில் கழற்றுவதும் கூடாது, அலுமினிய ஹெட்டில் மரை உரிந்துவிடும். பிளக்கை எடுக்கும் முன் குழியிலுள்ள தூசியை ஊதி வெளியேற்றுங்கள். அது சிலிண்டருக்குள் விழக் கூடாது.

திராட்டில் கோடு வந்தால் கனெக்டரைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா பார்த்து மாட்டுங்கள். உள்ளே கரி படிந்திருந்தால் திராட்டில் கிளீனர் துணியில் நனைத்துத் துடைக்கலாம். சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள். மோட்டார் விரலை நசுக்கும், பல்சக்கரமும் உடையலாம். துடைத்த பிறகு ஐடில் ஏறி இறங்கினால் காரின் கையேட்டில் சொன்னபடி மறுகற்றல் செய்ய வேண்டும்.

டர்போ கார்களில் பி 0299 வந்தால், டர்போவைச் சந்தேகப்படும் முன் குழாயைச் சந்தேகப்படுங்கள். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் ஆயில் ஈரம் பூத்த இடமே பெரும்பாலும் ஓட்டை இருக்கும் இடம். வேகமெடுக்கும்போது "உஸ்" என்று ஊதும். டீசலில் பி 0087 என்றால் ஃபில்டரில் அடைப்போ தண்ணீரோ. தண்ணீர் வடிக்கும் திருகு பல ஃபில்டர்களில் அடியில் இருக்கும்.

படி 6: சக்கரப் பக்கம்

இழுவை நன்றாக இருந்து ஏபிஎஸ், சறுக்கும் கார் விளக்குகள் மட்டும் எரிந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. நான்கு டயர்களின் அளவும் ஒன்றா? பல கார்களில் ஸ்டெப்னி ஒரு சைஸ் சிறியது. பஞ்சருக்கு மாட்டிவிட்டு வாரக்கணக்கில் ஓட்டினால், ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுவதாகக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.
2. காற்றழுத்தம் நான்கிலும் சரியா?
3. சக்கரத்தின் உட்பக்கம் சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்து தொங்குகிறதா? சேற்றில் இறங்கிய வண்டி என்றால் சென்சார் முனையைத் துடையுங்கள்.
4. வீல் பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு வந்ததா? புதுவகை பேரிங்கில் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் சென்சார் குருடாகிவிடும். வாங்கிய கடையிலேயே ஒரு சிறிய குண்டூசியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் எது காந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.
5. ஏபிஎஸ் படிக்கக்கூடிய ஸ்கேனரில் நான்கு சக்கர வேகங்களையும் சேர்த்துப் பாருங்கள். நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று 30 காட்டி ஒன்று 0 காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டார். வண்டியை இன்னொருவர் ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவர் செல்போனைப் பார்க்கக் கூடாது.

காய்ந்த சாலையில், வண்டி நிற்கப்போகும் கடைசி சில அடிகளில் பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறினால், அதுவும் பலவீனமான சென்சாரின் அடையாளம். மெதுவான வேகத்தில் அதன் சிக்னல் முதலில் அறுபடும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று ஏபிஎஸ் தவறாக நினைக்கும்.

எச்சரிக்கை: இப்போதைய கார்களில் வரும் சென்சார்கள் பெரும்பாலும் மின்னணு வகை. பழைய முறையில் ஓம் மீட்டரை வைத்து அளந்தால் சென்சார் கெடலாம்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டும். மழையில் இடைவெளியைக் கூட்டி ஓட்டுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே வேண்டாம்.

படி 7: சோதனை ஓட்டம்

கோடை அழித்துவிட்டு, கோளாறு வந்த அதே சூழ்நிலையை உண்டாக்குங்கள். ஏற்றத்தில் வந்தது என்றால் சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மகிழ்வதில் பயனில்லை. ஃபிரீஸ் ஃபிரேமில் எழுதிவைத்த சுற்றும் வேகமும் இங்கே உதவும். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், பல கார்களில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முழுதாகத் திருப்பி, சிறிது தூரம் நேராக ஓட்டினால்தான் சறுக்கும் கார் விளக்கு அணையும். முடிந்ததும் ஓபிடி கருவியைக் கழற்றி வையுங்கள். செருகியே விட்டால் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பட்டறைக்குப் போக வேண்டியிருந்தால்

கம்ப்ரஷன், இன்ஜெக்டர், டர்போ, ஏபிஎஸ் பெட்டி, கியர்பாக்ஸ் கோடுகள் எல்லாம் பட்டறை வேலை. போகும்போது "பிக்கப் இல்லை, பாருங்க" என்று மட்டும் சொல்லாமல் எழுதிவைத்த தாளை நீட்டுங்கள்: கோடு, ஃபிரீஸ் ஃபிரேம், எப்போது வந்தது, நீங்கள் எதை இடம் மாற்றிப் பார்த்தீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இந்த பார்ட்தான் கெட்டதுன்னு எப்படி உறுதி பண்ணீங்க?" நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், ஸ்கேனர் திரையைத் திருப்பிக் காட்டுவார். புதிய பாகத்துக்குப் பணம் கொடுக்கும் முன், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.